முதலில் கரைக்கு வருகிறவன்

டண்டினொங்
28.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி பேர்ள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் மகள் ஜெனோஜாவும் ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடும் உடம்பு நோவோடும் இருக்கிறோம். உங்கட முழங்கால் எப்படி? ரயில் பெட்டி கழுவுகிற இடத்தில் ஈரத்துக்குள் நிற்கிறீர்கள், அந்தப் பூட்ஸை மாற்றச் சொல்லி எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

இந்தக் காலத்தில் ஆர் கடிதம் எழுதுகினம் என்று ஜெனோஜா சிரிக்கிறாள். என்ன செய்ய, போன ஞாயிறு நான் அலனின் பெயரை எடுத்ததும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. கிழித்தாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். உங்கட மகன் சோதனையெல்லாம் பாஸ் பண்ணிவிட்டான். கப்பலில் போய்க் கரையில் இறங்குகிற அந்தப் பட்டாலியனில் இப்போது நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார்கள். ஜூன் மாதம் கப்பல் தீவுகள் பக்கம் பயிற்சிக்குப் போகிறதாம், வருஷக் கடைசியில்தான் திரும்புமாம். போகிற வழியில் சிட்னியில் இரண்டு நாள் நிற்கும். "அப்பா கதவைத் திறப்பாரோ மாமி?" என்று கேட்டான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

அவன் ஆமியில் சேர்ந்தபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உடுப்போடு எடுத்த படத்தைக்கூட ஹோலில் மாட்டினீர்கள். கரையிறங்கும் பிரிவுக்கு மாறுகிறேன் என்று சொன்ன நாளில் இருந்துதான் இந்த மௌனம். ஒரு வருஷமாகப் போகிறது. தாயில்லாப் பிள்ளை அண்ணா. அவனுக்கு நீங்கள் ஒருத்தர்தான்.

பதில் போடுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

அன்புத் தங்கச்சி,
பேர்ள்

-

லிட்கம்
20.02.2024

அன்புத் தங்கச்சி பேர்ளுக்கு,

அண்ணா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். முழங்கால் இருந்தபடி இருக்கிறது. பூட்ஸ் மாற்றியாயிற்று.

விபூதிப் புதன் பூசைக்குப் போனேன். இந்த வருஷம் தவக்காலம் வெயிலோடு வந்திருக்கிறது. பின்வளவில் கத்தரி நன்றாகக் காய்க்கிறது, சாப்பிட ஆள் இல்லாமல் பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தன் அண்ணைக்குக் கொடுக்கிறேன். உன் கணவருக்குச் சீனி வருத்தம் எப்படி என்று எழுது.

இந்த நாட்டு ஆமியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு இருக்க இடம் தந்த நாடு. அவன் ட்ரக் ஓட்டட்டும், பாலம் கட்டட்டும், துவக்குப் பிடிக்கட்டும். கரையிறங்குகிற இந்த வேலை வேண்டாம் என்று ஒருக்காச் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

இனி அதைப் பற்றி எழுதாதே.

உன் அண்ணா,
பொனிபஸ்

-

டண்டினொங்
10.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கத்தரிக்காய்ப் புதினத்தோடு கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம், இவருக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய் மட்டும் இறங்கவில்லை.

எழுதாதே என்றால் எழுதாமல் விடுகிற தங்கச்சியையா வளர்த்தீர்கள்? நான் எழுதத்தான் போகிறேன்.

உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சின்னண்ணா போன விதம் எனக்கும் மறக்கவில்லை. நான் அப்போது மன்னாரில் கன்னியர் விடுதியில் இருந்தேன். நீங்களும் சின்னண்ணா மனுவலும் அந்தக் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்தீர்கள். ஒரு நாள் விடியப்புறம் கடலால் படை வந்து இறங்கியது. எங்கட ஆட்களின் வள்ளங்கள் என்று நினைத்துச் சின்னண்ணா கயிறு பிடிக்கத் தண்ணிக்குள் இறங்கினார். கரைக்கு ஒரு வள்ளம் வந்தால் நிற்கிறவன் கை கொடுக்கவேணும் என்று ஐயா எங்களுக்குச் சொல்லித் தந்தது. அவருக்கு வயது பத்தொன்பது. மதர் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன அந்த அறையில் இருந்த கதிரையின் நிறம்கூட ஞாபகம்.

ஆனால் அலன் அங்கே வந்து இறங்கினவன் இல்லை அண்ணா. அவனுடைய வேலை என்ன என்று தெரியுமா? வள்ளங்கள் வர முதல் நாலைந்து பேர் இருட்டுக்குள் நீந்திக் கரைக்குப் போவார்கள். மணல் எப்படி, அலை எப்படி, கரையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக் கப்பலுக்குச் சொல்லவேணும். அவன் அதை ஏன் தேடி எடுத்தான் என்று என்னிடம் கேட்க வேண்டாம். அவனையே கேளுங்கோ.

பிள்ளையைக் கேட்காமல் தண்டிக்கிற தகப்பனாக இருக்காதீர்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முதல் ஒரு போன் எடுங்கோ. என்னைத் திட்டவாவது எடுங்கோ.

அன்புடன்,
பேர்ள்

-

டவுன்ஸ்வில்
26.04.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அலன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தமிழில் எழுதச் சொல்லி மாமி சொன்னார். சனிக்கிழமைப் பள்ளிக்கு நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பயன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நேற்று ஏப்ரல் இருபத்தைந்து, இந்த நாட்டில் இறந்த படைவீரர்களை நினைக்கிற நாள். விடிவதற்கு முன்னால் கடற்கரையில் எல்லாரும் நின்றோம். கதைக்க மாட்டார்கள். ஒருவர் ஊதுகொம்பு ஊதுவார். சின்ன வயதில் லிட்கம் பார்க்கில் இந்த நிகழ்ச்சி நடக்கும்போது நீங்கள் என்னை அனுப்பிவிட்டு வீட்டிலேயே நிற்பீர்கள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பா, இந்த நாட்டு ஆமி தன்னை யார் என்று சொல்லும்போது வென்ற சண்டையைச் சொல்வதில்லை. ஒரு கரையில் இறங்கியதைச் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருட்டில் படகுகளில் போனார்கள். நினைத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் இறங்கினார்கள் என்கிறார்கள். மேலே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. நிறையப் பேர் இறந்தார்கள், கடைசியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் அந்தக் காலையில்தான் தாங்கள் பிறந்தோம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பட்டாலியனில் அந்த நினைப்பு இன்னும் அதிகம். கரையிறங்குவதுதான் எங்கள் வேலை. எங்கள் சார்ஜன்ட் முதல் நாளே சொன்னார், "தெரியாத கரையில் யாரையும் இறக்கக் கூடாது, அதற்குத்தான் நீங்கள்." அதனால்தான் எங்களை முதலில் அனுப்புகிறார்கள்.

மனுவல் சித்தப்பாவைப் பற்றி மாமி எனக்குச் சொன்னார். அம்மா இறந்த பிறகு நான் டண்டினொங்கில் இருந்த காலத்தில். மாமியைக் கோபிக்க வேண்டாம், நான்தான் மாமி வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் காட்டி இவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கரையில் மீன்பிடிக்கிற ஆட்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று மாமி சொன்னார். யாராவது முதலில் வந்து பார்த்துச் சொல்லியிருந்தால் சித்தப்பா இருந்திருப்பார். அந்த ஆளாக நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. இதை உங்களுக்கு நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஜூன் மாதம் கப்பல் சிட்னிக்கு வரும். நான் வீட்டுக்கு வருவேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
அலன்

-

லிட்கம்
02.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. நீ அனுப்பிய கம்பளி மேலங்கி அளவாக இருக்கிறது.

அலனின் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கையெழுத்து நல்லாக இருக்கிறது, அவன் தாயின் எழுத்து மாதிரி. பதில் எழுத இருந்து பார்த்தேன். வரவில்லை.

நீ அவனுக்குச் சொன்னது சரியில்லை பேர்ள். நீ அந்தக் கரையில் நிற்கவில்லை. நின்றவன் நான். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி ஒரு பிள்ளைக்குச் சொல்லலாமா? அவன் அதை நம்பி ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

இங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பார்க்கில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது தினமும் தாண்டிப் போகிறேன். போன கிழமை நின்று பெயர்களை வாசித்தேன். பாவம், எல்லாம் இளம் பிள்ளைகள். கரையில் இறங்கினவர்களுக்கு ஊருக்கு ஊர் கல் இருக்கிறது, அது நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. மனுவலுக்கு ஒரு சிலுவைகூட வைக்க விடவில்லை, அவ்வளவுதான் நினைத்தேன்.

அவன் வரும்போது பார்ப்போம்.

அண்ணா,
பொனிபஸ்

-

டண்டினொங்
23.06.2024

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இன்றைக்கு நான் இல்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள்.

பார்ப்போம் என்று எழுதினீர்கள். பார்த்தீர்களா? பிள்ளை வியாழக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். மழை. வாசற்படியில் மத்தியானம் வரை இருந்திருக்கிறான். சச்சிதானந்தன் அண்ணை கண்டுவிட்டுத் தங்கட வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறார். யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ சோறு போட்ட கதை. அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்று அவர்தான் அலனுக்குச் சொன்னவர். வேலையில்லாத நாளில் எங்கே போனீர்கள்? பிள்ளை வருகிறான் என்று தெரிந்துதானே போனீர்கள்?

அவன் எனக்குப் போன் எடுத்து, "பரவாயில்லை மாமி, அப்பாவுக்கு ஏதோ அவசரம் போல" என்றான். குரல் எப்படி இருந்தது என்று நான் எழுதமாட்டேன். நீங்களே நினைத்துப் பாருங்கோ.

நான் சொன்னது பிழை என்றால் சரியானதை நீங்கள் சொல்லுங்கோ. முப்பது வருஷமாகக் கேட்கிறேன், கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறீர்கள். வாயைத் திறந்தால் சின்னண்ணா இன்னொருக்காச் சாகவா போகிறார்?

இதற்கு மேல் எழுதினால் பாவம் சேரும். நிறுத்துகிறேன்.

பேர்ள்

-

லிட்கம்
09.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்.

வியாழக்கிழமை ஆள் குறைவு என்று வேலைக்குக் கூப்பிட்டார்கள். சச்சிதானந்தன் அண்ணைக்குத் தெரியாது.

உன் கோபம் நியாயமானது. உன் கணவருக்கு மருந்தை ஒழுங்காகக் கொடு.

அண்ணா

-

கப்பலில் இருந்து
18.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். ஜூன் மாதம் சந்திக்க முடியவில்லை. அடுத்த முறை பார்ப்போம். உங்கள் கத்தரிக்காய்க் கறி சச்சிதானந்தன் அங்கிள் வீட்டில் சாப்பிட்டேன், அதனால் பாதிச் சந்திப்பு நடந்துவிட்டது.

ஒரு நல்ல விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன கிழமை ஒரு தீவில் பயிற்சி. அந்தத் தீவின் அரசாங்கம் சம்மதித்த பயிற்சிதான், ஆனால் கிராமத்து ஆட்களுக்கு எந்த நாள் என்று சொல்லவில்லை. முதல் நாள் விடியப்புறம் நாங்கள் நீந்திப் போனோம். யாரும் எங்களைக் காணக் கூடாது. நான் ஒரு பாறைக்குப் பக்கத்தில் கரையேறினேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு வயது போன மீனவர் நிற்கிறார். எனக்குக் குளிரில் பல்லு அடித்துக்கொண்டிருந்தது. அவர் பயப்படவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒரு இளநீரை வெட்டி என் கையில் தந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

எங்களுக்கு யாருடனும் கதைக்க அனுமதி இல்லை. நான் குடித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவருடைய வீடு, வலை காயப்போட்ட இடம், இரண்டு சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி நீந்தினேன்.

கப்பலுக்கு நான் முதலில் சொன்னது மணலைப் பற்றி அல்ல, அப்பா. "கரையில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றுதான். எழுதி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் படகுகள் சொன்ன நேரத்துக்கே வந்தன. பயிற்சிதானே. நானும் ஒரு படகில் இருந்தேன். அந்தப் பெரியவர் என்னை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து எங்கள் படகின் கயிற்றைப் பிடித்தார். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். பிறகு கிராமத்தில் பாட்டும் சாப்பாடும்.

நான் மட்டும் ஒரு பக்கம் போய் அழுதேன். மனுவல் சித்தப்பாவின் கரைக்கும் என்னைப் போல் ஒருவன் முதலில் வந்திருந்தால் இப்படித்தானே முடிந்திருக்கும்? இப்போது நான் செய்வது சரியான வேலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆசை.

இன்னும் சில மாதம் இந்தப் பக்கம்தான் நிற்போம். அதே கிராமத்துக்கு நவம்பரில் ஒரு கட்டட வேலைக்கும் போவோம்.

அன்பு மகன்,
அலன்

-

டண்டினொங்
29.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கட சுகம்தான் தெரியவில்லை. போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜெனோஜா உங்கட வேலை இடத்துக்கு எடுத்துக் கேட்டாள், லீவு போட்டிருக்கிறார் என்றார்கள். நீங்களாவது லீவு போடுவதாவது.

அலனின் கடிதம் வந்திருக்கும். அதில் என்ன எழுதினான் என்று எனக்கும் சொன்னான். உங்களுக்கு மனம் ஆறும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் இப்படி ஒடுங்கிப்போய்விட்டீர்கள் என்று எனக்குப் படுகிறது. நான் சண்டை பிடிக்கமாட்டேன். ஒரு வரி போடுங்கோ, அல்லது அடுத்த கிழமை பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பேன்.

இன்னொன்று. கப்பல் நின்ற வியாழக்கிழமை, வூலூமுலூக் கப்பல்துறையில் கம்பி வேலிக்கு வெளியே ரயில்வே ஜக்கெட் போட்ட ஒருவர் குடையோடு நெடுநேரம் நின்றாராம். அலனின் சிநேகிதன் மேலே இருந்து கண்டு, "உன்ர அப்பாவின் சாயல்" என்று சொன்னானாம். அலன் நம்பவில்லை. நான் நம்புகிறேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

அன்புடன்,
பேர்ள்

-

லிட்கம்
13.10.2024

என் அன்புத் தங்கச்சி பேர்ளுக்கு,

நீ பஸ் ஏற வேண்டாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்தேன், நாளைக்கு வேலைக்குப் போவேன்.

ஓம், அது நான்தான். அவனைக் காணத்தான் போனேன். வீட்டுக்கு வந்தால் அவன் அந்த மழையில் நனைந்து ஈரத்தோடு வாசலில் நிற்பான், அந்தக் கோலத்தில் அவனைப் பார்க்க என்னால் முடியாது என்று நினைத்து, பட்டப்பகலில் ஆட்களுக்கு நடுவில் கப்பலடியில் பார்ப்போம் என்று போனேன். இறங்கி வந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தரின் முகமாகப் பார்த்தேன். அவன் அந்த நேரம் என் கதவடியில் இருந்திருக்கிறான். உனக்குப் பொய் எழுதினேன்.

ஏன் பார்க்க முடியாது என்று கேட்பாய். சொல்கிறேன். இதை ஐயாவுக்கும் சொல்லவில்லை, அலனின் தாய்க்கும் சொல்லவில்லை.

அந்தக் கரைக்கும் ஒருத்தன் முதலில் வந்தான், பேர்ள்.

படை இறங்குவதற்கு முதல் நாள் விடியப்புறம். மனுவலும் நானும் வலையில் இருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தோம். தண்ணிக்குள் இருந்து ஒரு பெடியன் ஏறி வந்தான். அலனின் வயதுதான் இருக்கும். குளிரில் நடுங்கினான். வள்ளம் கவிழ்ந்து வந்தவன் என்று நினைத்தோம். கடலால் வந்தவனிடம் ஊர் பேர் கேட்கக் கூடாது, முதலில் குடிக்கக் கொடுக்கவேணும் என்பது எங்கட ஆட்களின் பழக்கம், உனக்குத் தெரியும். மனுவல் வாடிக்குள் ஓடிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிப் பனங்கட்டியோடு கொண்டு வந்து கொடுத்தான். அவன் குடித்தான். நல்ல முகம். வாடிகளைப் பார்த்தான், பெண்டுகளையும் பிள்ளைகளையும் பார்த்தான். கோப்பையை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். மனுவல் தோளில் தட்டி, "தம்பி, இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றான். அவன் மனுவலின் கையை ஒருக்கால் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திரும்பிக் கடலுக்குள் இறங்கினான்.

அடுத்த நாள் வள்ளங்கள் தெரிந்தபோது மனுவல், "நேற்று வந்தவன்ட ஆக்கள் அண்ணை, தேடி வந்திருக்கினம்" என்று சொல்லிக்கொண்டு ஓடினான். கயிறு கையில் இருந்தபடியே விழுந்தான்.

கரையில் ஆட்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெடியன் போய்ச் சொல்லியிருப்பான், சொல்லியும் வந்திருப்பார்கள். அல்லது அவன் சொல்லாமல் விட்டிருப்பான். இரண்டில் எது என்று இந்த முப்பத்துச் சொச்ச வருஷமாக நினைக்கிறேன். அவனைக் கெட்டவன் என்று நினைக்கவும் எனக்கு ஏலவில்லை. அந்தக் கையைப் பிடித்ததை நான் கண்டேன்.

இப்போது அலனின் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பார். அவன் சொன்னானாம், எழுதி எடுத்தார்களாம், படகுகள் சொன்ன நேரத்துக்கே வந்தனவாம். அந்தக் கிழவர் கயிறு பிடிக்க இறங்கினாராம். அவன் சந்தோஷத்தில் எழுதுகிறான். அதை வாசித்துவிட்டுத்தான் நான் லீவு போட்டேன்.

என்ர மகன் நல்லவன். அந்தப் பெடியனும் யாரோ ஒரு தகப்பனுக்கு நல்ல மகனாகத்தான் இருந்திருப்பான். அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

அலனுக்குச் சொல்லாதே. சொன்னால் அவன் உடைந்துபோவான், சொல்லாமல் விட்டால் ஒரு நாள் அவனே கண்டுபிடிப்பான். நான் வேறு விதமாக எழுதப் பார்க்கிறேன். உன்னைக் கோபித்ததற்கு மனம் வருந்துகிறேன். நீ தெரியாமல் சொன்னாய், தெரிந்த நான் வாய் மூடி இருந்தேன்.

மனுவலுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடு.

அண்ணா,
பொனிபஸ்

-

லிட்கம்
20.10.2024

அன்பு மகன் அலனுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இருக்க உன் அம்மாவையும் மாதாவையும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தமிழில் பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. பலமுறை வாசித்தேன்.

நீ வந்து நின்ற வியாழக்கிழமை நான் உன் கப்பலடியில் வேலிக்கு வெளியே நின்றேன். உன்னைத் தேடித்தான் வந்தேன். உன் சிநேகிதன் கண்டது என்னைத்தான். அவ்வளவு பெரிய கப்பலில் உன்னை எப்படிக் காண்பது என்று யோசிக்காமல் வந்துவிட்டேன். நீ படியில் மழைக்குள் இருந்தாய் என்று அறிந்து மிகவும் மனம் நொந்தேன்.

உன் சித்தப்பா நல்ல நீச்சல்காரன். யார் வந்தாலும் முதலில் எழும்பி ஓடுவான். அதற்கு மேல் எழுத எனக்கு இப்போது வரவில்லை.

அந்தப் பெரியவர் இளநீர் தந்ததாக எழுதியிருந்தாய். குடித்தது சரி. கடற்கரையில் ஒருவர் குடிக்கத் தந்தால் மறுக்கக் கூடாது. ஆனால் மகன், நீ உன் பெயரைச் சொன்னதாக எழுதவில்லை. அவர் கேட்கவில்லைத்தான். கடற்கரை ஆட்கள் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லவேணும். நான் இன்னார், இன்னாருடைய மகன், இன்னதுக்கு வந்தனான், நாளைக்கு இத்தனை வள்ளம் வரும், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போங்கோ, தண்ணிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லவேணும். கப்பலுக்குச் சொன்னால் போதாது. கரையில் நிற்கிறவனுக்குச் சொல்லவேணும். உங்களுக்கு அனுமதி இல்லை என்று தெரியும். பயிற்சி என்றும் தெரியும். அப்பா காரணம் கேட்காமல் உன்னிடம் கேட்கிற ஒரே காரியம் இது என்று வைத்துக்கொள்.

நவம்பரில் திரும்பவும் அந்தக் கிராமத்துக்குப் போவதாக எழுதியிருந்தாய். போனால் அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து, உன் பெயரைச் சொல்லு. என் பெயரையும் சொல்லு.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வா. எந்த நாள் என்று எழுதினால் நான் வேறெங்கும் போகமாட்டேன்.

உன் அன்பு அப்பா,
பொனிபஸ்